வீட்டுக் காருக்கும் ஒரு டிரிப் ஷீட்

(மணலி புதுநகரில் ஒரு ஞாயிறு மாலை, இளம் குடும்பத்தினர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சின் போக்கு மாறாமல் அச்சாகிறது.)



நான் மேடைப் பேச்சாளன் இல்லை. முப்பத்தோரு வருஷம் லாரி செட்டில் கணக்கு எழுதியவன். எனக்குத் தெரிந்த ஒரே இலக்கியம் டிரிப் ஷீட். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். எழுந்து போய்விடாதீர்கள், கடைசியில் உங்கள் வீட்டுக்குள்தான் வந்து நிற்கும்.

லாரி செட்டைத் தாண்டி ஒரு வண்டி வெளியே போனால் ஒரு தாள் எழுதுவோம். எங்கே லோடு ஏற்றினது, எங்கே இறக்கினது, மீட்டர் எத்தனையில் கிளம்பி எத்தனையில் வந்தது, டீசல் எவ்வளவு, டோல் எவ்வளவு, டிரைவர் பேட்டா எவ்வளவு, பஞ்சர் எத்தனை. எல்லாம் அதில் இருக்கும். வெளியாட்களுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கும்: வண்டி நின்ற நாளையும் எழுதுவோம். நிற்கிற லாரிக்கும் டியூ ஓடும், இன்சூரன்ஸ் ஓடும், டயர் காயும். மாதக் கடைசியில் முதலாளி முதலில் பார்ப்பது ஓடின நாளை இல்லை, நின்ற நாளைத்தான்.

பல லட்ச ரூபாய் லாரிக்கு இத்தனை கணக்குப் பார்க்கிற நாம், பல லட்ச ரூபாய் வீட்டுக் காருக்கு ஒரு வரியாவது எழுதியிருக்கிறோமா? இதுதான் என் கேள்வி. இனிச் சொல்லப்போவது, அந்த வரியை எழுதின ஒரு வீட்டின் கதை. என் மகள் வீடு. இதே புதுநகர்.

அதற்கு முன்னால் நம் ஊரைப் பற்றிக் கொஞ்சம். மறைமலை நகரைப் போலவே, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் கோடு போட்டு மனை பிரித்த ஊர் இது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-ல் ஓடத் தொடங்கியது. உர ஆலை, ரசாயன ஆலை என்று பின்னாலேயே வந்தன. வேலை செய்கிறவன் வேலைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கட்டும் என்பது கோடு போட்டவர்களின் கணக்கு. சைக்கிளில் போய் சைக்கிளில் வரலாம். காரைப் பற்றி யார் நினைத்தார்கள்?

ஆனால் காருக்கும் நமக்கும் உள்ள உறவு இந்த ஊரை விடப் பழையது. எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியபோது அங்கே முதலில் பூட்டினது லாரியை இல்லை, ஆஸ்டின் ஏ40 என்கிற காரை. 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆகி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் மாறியது. அதே 1955-ல்தான் திருவொற்றியூரில் என்ஃபீல்டு கம்பெனியும் தொடங்கியது, அங்கே புல்லட் செய்தார்கள். இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செய்கிற கார்களில் ஒரு பகுதி எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில்தான் கப்பல் ஏறுகிறது. பெட்ரோலும் பக்கத்தில் காய்ச்சியதுதான். இப்படிக் காரும் பெட்ரோலும் நம் வாசல் வழியாகப் போகின்றன, நாமோ ஸ்கூட்டரில் பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு ஓரமாக நிற்கிறோம்.

என் மருமகனுக்குத் திருச்செந்தூர்ப் பக்கம். நம் ஊரில் தெற்கத்தியர் எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமானால், புரட்டாசியில் அய்யா வைகுண்ட தர்மபதியில் பத்து நாள் திருவிழா நடக்கும்போது போய் நின்று காதைத் தீட்டிக்கொண்டால் போதும். அவர் ஒரு கன்டெய்னர் யார்டில் ஷிப்டு வேலை பார்க்கிறார், பைக்கில் போய்வருகிறார். என் மகள் காலையில் பையனைப் பள்ளியில் விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோவில் விம்கோ நகர் போய் மெட்ரோ பிடித்து வேலைக்குப் போகிறாள். பையனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு மூன்று. வாசலில் ஒரு கார், 2011-ல் பதிவான சின்னக் கார். கல்யாணத்துக்கு முன்பே மருமகன் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதற்குப் பதினைந்து வருஷம் முடிகிற நேரம் வந்தது.

பதினைந்து முடிந்தால் என்ன ஆகும்? டெல்லியில் ஓட்டக் கூடாது என்று கேள்விப்பட்டு இங்கேயும் பலர் பயப்படுகிறார்கள். அது டெல்லி வட்டாரத்துக்கு வந்த உத்தரவு. நம் ஊரில், சொந்தக் காரின் பதிவு பதினைந்து வருஷத்துக்குச் செல்லும். அதன்பின் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்கி, ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆகிவிட்டது. அது போக, எஃப்.சி.க்குக் காட்டுவதற்கு முன் டிங்கரிங், டயர், சஸ்பென்ஷன் என்று ஒரு செலவு. புதுப்பிப்பதா, மாற்றுவதா என்று வீட்டில் பேச்சு எழுந்தது.

மாற்றுவது என்று மருமகன் முடிவே செய்துவிட்டார். காரணம் பதினைந்து வருஷம் இல்லை, ஒரு ராத்திரி.

2021 நவம்பரில் பூண்டியிலிருந்து திறந்த உபரி நீர் கொசஸ்தலையாற்றில் பெருகி வந்து புதுநகருக்குள் புகுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது கார் தப்பியது, மேடான தெருவில் கொண்டுபோய் விட்டிருந்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நைட் ஷிப்டு. விடிந்து வந்து பார்த்தால் தண்ணீர் கதவின் அடிவிளிம்பைத் தாண்டி சீட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் வடிந்ததும் பதற்றத்தில் சாவியைத் திருப்பிவிட்டார். 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு சரி.

பின்வரிசைத் தம்பிமார்கள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும். என்ஜினுக்குள் பிஸ்டன் காற்றை அமுக்கும், காற்று அமுங்கும். உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் முட்டி நிற்கும், அதைத் தள்ளுகிற கனெக்டிங் ராடு வளையும். சாவியைத் திருப்பாமல் இருந்திருந்தால் கழுவி, ஆயில் மாற்றி, உலர வைத்து ஓட்டியிருக்கலாம். தண்ணீரில் நின்ற வண்டியில் சாவியைப் போடாதீர்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். இன்சூரன்ஸ்காரர்கள் சீட்டையும் மேட்டையும் சுத்தம் செய்ததற்குப் பணம் கொடுத்தார்கள், என்ஜினுக்கு இல்லை என்றார்கள். வெள்ளத்தால் வந்த சேதம் வேறு, வெள்ளத்துக்குப் பிறகு நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் வேறு என்பது அவர்கள் கணக்கு. என்ஜினுக்கென்று கூடுதல் பிரீமியம் கட்டுகிற வசதி உண்டு, வயதான வண்டிக்குப் பெரும்பாலும் தரமாட்டார்கள். ஐம்பத்தெட்டாயிரம் ரூபாய் கைவிட்டுப் போனது. அன்றிலிருந்து மருமகனுக்கு உயரமான வண்டி மேல் ஒரு கண்.

"மாமா, ஏழு சீட்டு வண்டியா எடுத்துருவோம். தண்ணி வந்தாலும் நிக்கும். பொங்கலுக்கு அம்மா, தங்கச்சி எல்லாரையும் ஏத்திக்கிட்டு ஊருக்குப் போயிரலாம்" என்றார். ஏழு வருஷத் தவணை, மாதம் பதினாறாயிரம். ஷோரூம்காரர் காப்பி கொடுத்து, பையனுக்கு ஒரு பலூனும் கொடுத்துவிட்டார். பலூன் வாங்கின பையன் வேறு எந்த வண்டியையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மருமகனுக்குப் புத்தி சொல்கிற மாமனார் அடுத்த தீபாவளிக்குக் காத்திருக்க வேண்டியதுதான். மகளிடம் மட்டும் கேட்டேன்: "போன வருஷம் இந்தக் கார் எத்தனை நாள் அசைஞ்சுது?"

அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் என் மகள். அன்று ராத்திரி உட்கார்ந்து, பெட்ரோல் போட்ட மெசேஜ், ஃபாஸ்டாக் மெசேஜ், போனில் இருந்த போட்டோ, கேலண்டரில் கிறுக்கினது எல்லாவற்றையும் கூட்டி, பையனின் பழைய நாற்பது பக்க நோட்டில் ஒரு டிரிப் ஷீட் போட்டுவிட்டாள்.

வருஷத்துக்கு 365 நாளில் கார் அசைந்தது 61 நாள். அதில் 38 நாள், போக வர இருபது கிலோமீட்டருக்குள்: பிள்ளைகளின் பாட்டிக்குக் கண் டாக்டர், மாதச் சாமான், தர்மபதித் திருவிழா, சின்னவளுக்குக் காய்ச்சல் கண்டு ராத்திரி பதினொரு மணிக்கு ஓடினது. 14 நாள் சற்றுத் தள்ளி: இரண்டு கல்யாணம், ஒரு துக்கம், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த உறவினரைப் பார்க்கப் போனது, பழவேற்காட்டுக்கு ஒரு ஞாயிறு. மிச்சம் 9 நாள் மே மாதம் ஊருக்குப் போய் வந்தது. மொத்தம் மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் அந்த 9 நாளில்.

நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்த மருமகன் போனை எடுத்தார். மாதம் பதினாறாயிரம், வருஷத்துக்கு 1,92,000. அதை 61-ஆல் வகுத்தார். 3,147 ரூபாய். கார் அசைகிற ஒவ்வொரு நாளுக்கும் அவ்வளவு. பெட்ரோல் இன்னும் போடவில்லை, இன்சூரன்ஸ் இன்னும் கட்டவில்லை. பத்து லட்சத்தைத் தாண்டின காருக்கு நம் மாநிலத்தில் ஆயுள் வரி குறைந்தது 18 சதவீதம், 2023 நவம்பரிலிருந்து. அதுவும் இந்தக் கணக்கில் இல்லை. போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டார்.

ஆகவே கார் வாங்கக் கூடாது என்று இந்தக் கிழவன் சொல்கிறான் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். சின்னவளின் காய்ச்சல் ராத்திரியில் கார் வாசலில் நின்றதற்கு விலை உண்டா? உண்டு, அந்த விலையைத்தான் நாம் கொடுக்க வேண்டும். யோசிக்காமல் கொடுப்பது அந்த 9 நாளின் விலையை. வருஷத்தில் 9 நாளுக்கு வேண்டிய வண்டியை வாங்கி, மீதி 356 நாளும் அதற்குத் தீனி போடுகிறோம். காருக்கான தேவை 52 நாளில் இருக்கிறது, ஆசை 9 நாளில் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியே வைத்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் அந்த 9 நாள். புதுநகர்க்காரன் தெற்கே போவது எளிதா? கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் 30-ல் திறந்தது. தாம்பரத்துக்காரருக்குப் பக்கம். நமக்கோ, அங்கே போய் பஸ் ஏறுவதற்கே நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும், பையோடும் பிள்ளையோடும். காரில் போனால் மீஞ்சூர்ப் பக்கம் வெளிவட்டச் சாலை இருக்கிறது. 62 கிலோமீட்டர், நேரே வண்டலூர். நகர நெரிசலைத் தொடாமல் போகலாம். சுங்கம் தனி: 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு வந்த வருஷ பாஸ் தேசிய நெடுஞ்சாலைக்குத்தான் செல்லும், வெளிவட்டச் சாலை மாநிலத்துடையது. வண்டலூரிலிருந்து திருச்சி, மதுரை, நெல்லை. போக வர ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். லிட்டர் நூறு ரூபாய், பதினைந்து கிலோமீட்டர் கொடுக்கும் என்று வைத்தால் பெட்ரோலுக்கு மட்டும் எட்டாயிரத்து எழுநூறு. ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டு அப்படியே ஸ்டியரிங் பிடிக்கிற கண்ணுக்கு எந்தக் கம்பெனியிலும் காப்பீடு கிடையாது.

ரயிலில் நான்கு பேருக்கு ஸ்லீப்பர் போட்டாலும் அந்தப் பெட்ரோல் காசில் பாதிக்குள் முடியும். ஐந்து வயதுக்குக் கீழ் இருந்து, தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகச் சுருங்கிவிட்டது. அதுவும் நம்மைப் போன்றவர்களுக்கு நல்லதுதான், நான்கு மாதம் கழித்து எந்த ஷிப்டு என்று யாருக்குத் தெரியும்? இந்த முறை அறுபதாம் நாள் காலை எட்டு மணிக்கு மருமகன் யார்டிலிருந்து ஒரு போனிலும், மகள் மெட்ரோவில் நின்றுகொண்டு ஒரு போனிலும் அழுத்தினார்கள். எழும்பூரிலிருந்து செந்தூர் எக்ஸ்பிரஸ். மகளுக்குக் கிடைத்தது. ஊரில் போய் இரண்டு நாளைக்கு ஒரு டாக்சி. 9 நாள் பிரச்சினை காரை விட்டு இறங்கி ரயிலில் ஏறிவிட்டது.

இனி 52 நாள். அந்த நாட்களுக்கு என்ன வேண்டும்? பாட்டி முட்டி மடக்காமல் ஏற வேண்டும். குறுகின தெருவில் திருப்ப வேண்டும். பிள்ளைகள் பத்திரமாக உட்கார வேண்டும். பழைய காரில் ஏர்பேக் கிடையாது. முன்சீட்டில் இரண்டு பேருக்கும் ஏர்பேக் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி 2021-ல்தான் வந்தது. ஏ.பி.எஸ். பிரேக் 2019-ல் கட்டாயமானது. ஆகவே பழைய வண்டி எடுப்பவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் வருஷத்தைக் கேளுங்கள். 2022-லோ அதற்குப் பிறகோ வந்ததாகப் பாருங்கள். பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் இருந்தால் ஓட்டுகிறவருக்கு ஆயிரம் ரூபாய் அபராதம். 2019-லிருந்தே சட்டத்தில் இருக்கிறது. மடியில் வைத்துக்கொள்வதுதான் பத்திரம் என்று நம் வீட்டில் நினைக்கிறோம். பிரேக் போட்ட நொடியில் பிள்ளையைப் பிடித்து நிறுத்துகிற பலம் எந்தத் தாயின் கைக்கும் கிடையாது.

2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியது. புதுசே எடுக்கலாமா என்று ஒரு வாரம் ஓடியது. மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் புதுசு எதற்கு என்று நோட்டே பதில் சொல்லிவிட்டது. பழைய வண்டி தேடினார்கள். நான்கு வண்டி பார்த்தார்கள். மூன்றாவது வண்டி பளபளவென்று இருந்தது, விலையும் சல்லிசு. என் மகள் பின்சீட்டில் ஏறி, சீட் பெல்ட்டை இழுத்தாள். நாம் வழக்கமாக இழுக்கிற அளவு இல்லை, முழுசாக, இனிமேல் வராது என்கிற வரைக்கும். கடைசி ஒரு சாண் பெல்ட்டில் காப்பித் தூள் நிறத்தில் ஒரு கோடு. வண்டியைக் கழுவுகிறவன் சீட்டைக் கழுவுவான், மேட்டைக் கழுவுவான், சுருளுக்குள் இருக்கிற பெல்ட்டை யாரும் கழுவமாட்டார்கள். தண்ணீர் நின்ற மட்டம் அங்கே எழுதியிருந்தது. அவள் ஒன்றும் பேசாமல் பெல்ட்டை விட்டாள். அது ஓடிப் போய் உள்ளே ஒளிந்துகொண்டது.

நான்காவது வண்டியை எடுத்தார்கள். 2022 மாடல், நாலரை லட்சம். கையிருப்பு போக, தவணை ஆறாயிரத்துச் சொச்சம்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. பழைய காரை என்ன செய்வது? புரோக்கர் ஒருவர் வந்து, "ஆர்.சி. ஓப்பன்ல இருக்கட்டும் சார், பார்ட்டி வந்ததும் பேர் மாத்திக்கலாம்" என்றார். லாரி செட்டில் இந்த வார்த்தையால் அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். வண்டியை விற்றாலும் ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ, விபத்து நடந்தால் நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விற்பவர் 29-ஆம் படிவத்தையும் 30-ஆம் படிவத்தையும் பேர் மாறுகிற வரை துரத்த வேண்டும். அதை விட, பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்துச் சான்று வாங்கிப் பதிவை ரத்து செய்துவிட்டார்கள். புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் கூட நாலு காசு வந்திருக்கும், ராத்திரித் தூக்கம் வந்திருக்காது. இன்சூரன்ஸில் கிளெய்ம் இல்லாததற்குக் கிடைக்கிற போனஸ் காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். வெள்ள கிளெய்முக்குப் பிறகு இரண்டு வருஷம் சும்மா இருந்ததில் சேர்ந்த 25 சதவீதத்தைக் கடிதம் வாங்கிப் புது வண்டிக்கு மாற்றிக்கொண்டார்கள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மகளின் நோட்டில் இன்னொரு பக்கம் இருந்தது. கார் நின்ற 304 நாள். லாரி செட்டில் முதலாளி முதலில் பார்க்கிற பக்கம்.

அந்த 304 நாளும் இந்தக் குடும்பம் எதில் போனது? நடந்து, ஸ்கூட்டரில், பொன்னேரி நெடுஞ்சாலை ஓரமாக. காலை எட்டே காலுக்கு என் மகள் பையனோடு நிற்கிற திருப்பத்தில் நானும் ஒருநாள் நின்றேன். நாற்பதடி டிரெய்லர் இடது பக்கம் திரும்புகிறது. லாரிக்காரனுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்: அப்படித் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். முன்பக்கம் தாண்டிவிட்டது என்று நீங்கள் ஓரமாக நகர்கிற இடத்துக்குத்தான் பின்பக்கம் வந்து சேரும். டிரைவருக்கு அந்த இடது மூலை தெரியவே தெரியாது. பின்னால் வந்த டிரெய்லரில் புத்தம் புதுக் கார்கள், துறைமுகத்துக்கு. பையன் விரல் விட்டு எண்ணினான், எட்டு. ஒவ்வொன்றுக்கும் ஏர்பேக் உண்டு. எண்ணின பிள்ளைக்கு ஒரு ஹெல்மெட், அதுவும் அவன் அம்மா கட்டாயத்துக்கு.

அன்று சாயங்காலம் மருமகனிடம் இதைச் சொன்னேன். யார்டில் தினம் லாரிகளின் எஃப்.சி. தாளைப் பார்க்கிறவர் இல்லையா? சொன்னார்: "மாமா, வண்டிக்குப் பதினஞ்சு வருஷம் ஆனா நிப்பாட்டி எஃப்.சி. பாக்குறாங்க. இந்த ரோட்டுக்கு யாரு எஃப்.சி. பாக்குறது?"

அதற்கு என்னிடம் ஒரு பதில்தான் இருக்கிறது. சாலைக்கு எஃப்.சி. பார்க்க அதிகாரி வருவார் என்று காத்திருக்க வேண்டாம். நம் மாநகராட்சியிலும் வட்டாரவாசிகள் கூடிப் பேச ஏரியா சபை என்று ஒன்று உண்டு. அங்கே போய் "ரோடு மோசம்" என்று சொன்னால் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். எந்தத் திருப்பம், எத்தனை மணி, எத்தனை டிரெய்லர், எத்தனை பிள்ளைகள் என்று ஒரு மாதத்துக்கு எழுதின தாளை நீட்டினால் கதை வேறு. பள்ளி நேரத்தில் கனரக வண்டியை நிறுத்திவையுங்கள் என்று கேட்பதற்கும், திருப்பத்தில் நடைமேடையும் தடுப்பும் கேட்பதற்கும் அந்தத் தாள்தான் வாய். மேலதிகாரி சத்தத்துக்கு அசையமாட்டார், டிரிப் ஷீட்டுக்கு அசைவார். முப்பத்தோரு வருஷம் பார்த்தவன் சொல்கிறேன்.

போகும்போது வாசலில் நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன், என் செலவு. வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்திலிருந்து கார் ஓடின நாளை எழுதுங்கள், பின்பக்கத்திலிருந்து நின்ற நாளை. முன்பக்கம் எந்த வண்டி வாங்கலாம் என்று சொல்லும். பின்பக்கத்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஏரியா சபைக்கு வாருங்கள். நானும் வருகிறேன்.